சவுண்ட் வரலையா? முதல்ல பேரைக் கேளுங்க!

செமஸ்டர் நெருங்குது. புக்கைத் தூசி தட்டியாச்சா? (ஹி... ஹி... சும்மா கேட்டேன், கோச்சுக்காதீங்க!)

வழக்கமா நம்ம பகுதிக்கு ‘கேம் ஓடலை’, ‘நெட் ஸ்லோ’ன்னு கேள்விகள் குவியும். இந்த வாரம் வந்த ஒரு கடிதம் மத்த எல்லாத்தையும் ஓரமா நகர்த்தி வெச்சிடுச்சு. மதுரைப் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல இருந்து பி.ஏ. ரெண்டாம் வருஷ மாணவர் எழுதியிருக்கார். பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார். கடிதம் இதுதான்:

“அண்ணே, எங்க ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. சீனியர்ஸ் விட்டுட்டுப் போனது. கோர் டூ டுயோ, 2 ஜிபி ரேம். அதை அதிகமா யூஸ் பண்றது என் ரூம்மேட். அவனுக்குப் பார்வை கிடையாது. நோட்ஸ் எல்லாம் டைப் பண்ணி வெச்சிருக்கோம். என்விடிஏ படிச்சுக் காட்டும், ஹெட்போன்ல கேட்டுக் கேட்டுப் படிப்பான். போன வாரம் வைரஸ் வந்துருச்சுன்னு எக்ஸ்பியைத் தூக்கிட்டு விண்டோஸ் 7 போட்டோம். அதோட ஹெட்போன்ல சத்தம் போச்சு. பழைய சிடியில ஒரு ரியல்டெக் டிரைவர் இருந்துச்சு. போட்டா எரர். நெட்ல இருந்து ஒரு டிரைவர் அப்டேட்டரை இறக்கினோம். அது என்னென்னமோ போட்டுச்சு. இப்போ மஞ்சள் கலர்ல ஆச்சரியக்குறி நிக்குது. கடைக்காரர் ‘போர்டு போச்சு, ஏழாயிரம் ஆகும்’னு சொல்லிட்டார். எக்ஸாமுக்கு மூணு வாரம்தான் இருக்கு. நான் வாசிச்சுக் காட்டுறேன், ஆனா எனக்கும் பரீட்சை இருக்குல்ல அண்ணே?”

நமக்கு சவுண்ட் போனா பாட்டு போச்சு, படம் போச்சு. அவ்வளவுதான். அந்தத் தம்பிக்கு சவுண்ட் போனா மானிட்டரே போன மாதிரி. ஸ்க்ரீன் பளிச்சுன்னு எரியும், அவருக்கு உள்ளே ஒண்ணுமே இருக்காது. அதனால இந்த வாரம் முழுக்க சவுண்ட் டிரைவர்தான். வீட்ல ஒரு பழைய பெட்டி, இல்லைன்னா 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவோ அண்ணனோ வாங்கின மெஷின் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது உதவும்.

முதல்ல குரல், அப்புறம் ரிப்பேர்

டிரைவரை நோண்டுறதுக்கு முன்னாடி தம்பியோட படிப்பு நிக்கக் கூடாது. அதுக்கு ஒரு முதலுதவி இருக்கு. யூஎஸ்பி சவுண்ட் கார்டு!

கட்டை விரல் சைஸ்ல இருக்கும். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் ரெண்டு ஓட்டை. ஒண்ணு ஹெட்போனுக்கு, இன்னொண்ணு மைக்குக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மட்டுமில்ல, உங்க ஊர் கம்ப்யூட்டர் கடையிலயும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதுக்குத் தனி டிரைவர் சிடி வேணாம். யூஎஸ்பி ஆடியோவுக்குன்னு பொதுவான ஒரு விதிமுறை இருக்கு. அதன்படி செஞ்ச சாதனங்களுக்கான டிரைவர் எக்ஸ்பியிலயே உள்ளே இருக்கு, விண்டோஸ் 7-ல இருக்கு, லினக்ஸ்லயும் இருக்கு. செருகினதும் சில நொடியில அதுவே கண்டுபிடிச்சுக்கும்.

செருகின பிறகு கண்ட்ரோல், ஆல்ட், என் மூணு கீயையும் சேர்த்து அழுத்தினா என்விடிஏ புதுசா ஸ்டார்ட் ஆகி, அந்த வழியாப் பேச ஆரம்பிச்சுடும். ஏழாயிரம் எங்கே, இது எங்கே! போர்டுல இருக்கிற சவுண்ட் சிப் நிஜமாவே செத்துப்போயிருந்தாலும் இந்தக் குட்டிச் சாதனம் பேசும். போர்டை மாத்தச் சொல்ற கடைக்காரர்கிட்ட முதல்ல இதைத்தான் கேக்கணும்.

செத்துட்டாரா, தூங்குறாரா?

அடுத்த கேள்வி இது. சத்தம் வரலைன்னா ஹார்டுவேர் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அதைத் தெரிஞ்சுக்க நாலு சோதனை சொல்றேன். நாலும் ஓசி.

ஒண்ணு... ஓட்டை! பெட்டிக்குப் பின்னாடி மூணு கலர்ல ஓட்டை இருக்கும். பச்சைதான் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும். ரோஸ் மைக்குக்கு. நீலம் வெளியில இருந்து சத்தத்தை உள்ளே கொண்டு வர்றதுக்கு. முன்பக்க ஓட்டையில செருகிட்டு ‘வரலை’ன்னு சொல்றவங்க ஏராளம். பின்னாடி பச்சையில ஒரு தடவை செருகிப் பார்த்துடுங்க. (இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையில பின்னாடி ட்விஸ்ட் இருக்கு!)

ரெண்டு... சத்தம் வேற வழியாப் போகுதா? எச்டிஎம்ஐ இருக்கிற மானிட்டரை மாட்டினா, விண்டோஸ் சில சமயம் சத்தத்தை மானிட்டருக்கு அனுப்பிட்டு ‘என் வேலை முடிஞ்சது’ன்னு உக்காந்துக்கும். அந்த மானிட்டர்ல ஸ்பீக்கரே இருக்காது! கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் பண்ணி, ‘பிளேபேக் டிவைசஸ்’ போய், எது மேல பச்சை டிக் இருக்குன்னு பாருங்க.

மூணு... பயாஸ்! கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 அழுத்தினா உள்ளே போகலாம். ‘ஆன்போர்டு ஆடியோ’, ‘எச்டி ஆடியோ’, ‘அசேலியா’ இப்படி ஏதோ ஒரு பேர்ல ஒரு வரி இருக்கும். அது ‘டிஸேபிள்ட்’னு இருந்தா, விண்டோஸ்ல தலைகீழா நின்னாலும் சத்தம் வராது. அப்படியே தேதியையும் பார்த்துடுங்க. பழைய போர்டுல சிமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். அப்புறம் டிரைவர் டவுன்லோடு பண்ணப் போனா எந்த வெப்சைட்டும் ‘பாதுகாப்பில்லை’ன்னு கதவைச் சாத்தும். ரூபாய் நாணயம் மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரி ஒண்ணு மாத்தினா போதும்.

நாலு... இதுதான் மாஸ்டர் டெஸ்ட். லினக்ஸ் லைவ் பென்டிரைவ்! நண்பனோட கம்ப்யூட்டர்ல உபுண்டு அல்லது மின்ட்டை ஒரு பென்டிரைவ்ல ஏத்திக்கோங்க. நம்ம பழைய பெட்டியை அதுல இருந்து பூட் பண்ணுங்க. ‘ட்ரை’ மட்டும் போதும். ‘இன்ஸ்டால்’ பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க. ஹார்டு டிஸ்க்ல நோட்ஸ் இருக்கு! பெரும்பாலான சவுண்ட் சிப்களுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்க. சத்தம் வந்தா சிப் நல்லா இருக்கு, விண்டோஸ் டிரைவர்தான் பிரச்னைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடலாம். உபுண்டுல ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூணையும் சேர்த்து அழுத்தினா ‘ஓர்க்கா’ங்கிற திரை வாசிப்பான் பேசும். அப்போ பார்வை இல்லாத நண்பரே இந்தச் சோதனையில கூட உக்காரலாம்.

மதுரைத் தம்பிகிட்ட இந்த நாலாவது டெஸ்ட்டைச் செய்யச் சொன்னேன். மறுநாளே பதில். “அண்ணே, பின்னாடி ஓட்டையில பாட்டு கணீர்னு கேக்குது!” போர்டு போகலை மக்களே. ஏழாயிரம் மிச்சம்.

ரியல்டெக்னு சொன்னா போதுமா?

இனி டிரைவர். இங்கேதான் நம்மள்ல பாதிப் பேர் வழுக்கி விழுறோம்.

டிரைவர்ங்கிறது ‘சவுண்டுக்கு’ ஒரு சாஃப்ட்வேர் கிடையாது. குறிப்பிட்ட ஒரு சிப்புக்கான சாஃப்ட்வேர். ‘காய்ச்சல் மாத்திரை கொடுங்க’ன்னு கேக்குற மாதிரி ‘சவுண்ட் டிரைவர் கொடுங்க’ன்னு கேக்க முடியாது.

போர்டுல சத்தத்துக்கு ரெண்டு ஆள் வேலை பார்க்குறாங்க. ஒருத்தர் கன்ட்ரோலர். இவர் சிப்செட்டுக்குள்ளே குடியிருக்கார். கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற எண்களை வாங்கி அடுத்தவருக்கு அனுப்புறது இவர் வேலை. அடுத்தவர் கோடெக். எண்களை மின்சார அலையா மாத்தி ஹெட்போனுக்கு அனுப்புறவர். சவுண்ட் ஓட்டைகளுக்குப் பின்னாடி, சுண்டு விரல் நகம் அளவுல சதுரமா ஒரு சிப் இருக்கும் பாருங்க, பெரும்பாலும் அவர்தான். பக்கத்துக்குப் பன்னிரண்டா 48 கால். முதுகுல பேர் எழுதியிருக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தா ‘ஏஎல்சி662’ன்னோ ‘ஏடி1985’ன்னோ தெரியும். முதல் ஆள் ரியல்டெக், ரெண்டாவது ஆள் அனலாக் டிவைசஸ் கம்பெனியோட சவுண்ட்மேக்ஸ்.

இந்த ரெண்டு பேரும் பேசிக்கிற பாஷை ரெண்டு தலைமுறையா மாறியிருக்கு. 1997-ல் இன்டெல் கொண்டு வந்தது ஏசி 97. 2004-ல் அதே இன்டெல் கொண்டு வந்தது எச்டி ஆடியோ. இதுக்கு ஆரம்பத்துல வெச்ச செல்லப் பேர்தான் அசேலியா. நம்ம ஊர்ல அசெம்பிள் பண்ணின 845, 865 போர்டுகள் எல்லாம் ஏசி 97 காலத்து ஆளுங்க. 915-ல இருந்து, 945, ஜி31 போர்டுகள்ல பெரும்பாலும் எச்டி.

ரியல்டெக் ரெண்டு தலைமுறைக்குமே சிப் செஞ்ச கம்பெனி. அதனால ‘ரியல்டெக் டிரைவர்’னு தேடினா ரெண்டும் வரும். ஏசி 97 டிரைவரை எச்டி சிப்புக்குப் போட்டா ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ன்னு சொல்லிட்டுப் போயிடும். ஹாஸ்டல்ல கிடைச்ச அந்தப் பழைய சிடி என்னன்னு கேட்டேன். ஏசி 97! பெட்டியோ எச்டி. வேற யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டருக்கு வந்த சிடி அது.

ஆதார் நம்பர் மாதிரி ஒரு நம்பர்

சிப்போட பேரைத் தெரிஞ்சுக்கப் பெட்டியைத் திறக்கணும்னு அவசியம் இல்லை. விண்டோஸ்கிட்டயே கேக்கலாம்.

விண்டோஸ் கீயையும் பாஸ் கீயையும் சேர்த்து அழுத்துங்க. சிஸ்டம் விவரம் வரும். அதுல டிவைஸ் மேனேஜர் போங்க. மஞ்சள் குறி போட்ட ஆசாமி மேல டபுள் கிளிக் பண்ணுங்க. ‘டீடெய்ல்ஸ்’ டேப். அங்கே இருக்கிற பட்டியல்ல ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ தேர்ந்தெடுங்க. நீளமா ஒரு வரி வரும். பயப்படாதீங்க. நமக்கு வேண்டியது ரெண்டே துண்டு.

‘வென்’னு ஆரம்பிக்கிறது கம்பெனி. ‘டெவ்’னு ஆரம்பிக்கிறது சிப். வென் 8086-ன்னா இன்டெல். 10இசி-ன்னா ரியல்டெக். 1106-ன்னா வியா. 11டி4-ன்னா அனலாக் டிவைசஸ். அந்த வரி எப்படி ஆரம்பிக்குதுன்னும் பாருங்க. ‘எச்டி ஆடியோ’ன்னு ஆரம்பிச்சா கோடெக் நேரடியா தன் பேரைச் சொல்றார்னு அர்த்தம், நீங்க எச்டி தலைமுறை. ‘பிசிஐ’ன்னு ஆரம்பிச்சா பேசுறது கன்ட்ரோலர். இன்டெல் 24சி5, 24டி5-ன்னு இருந்தா ஏசி 97. 2668, 27டி8-ன்னு இருந்தா எச்டி.

மதுரைத் தம்பி அனுப்பின வரி ‘எச்டி ஆடியோ’ன்னு ஆரம்பிச்சது. வென் 10இசி, டெவ் 0662. அதாவது ரியல்டெக் ஏஎல்சி662. அரை நிமிஷத்துல ஜாதகமே கைக்கு வந்துடுச்சு!

மஞ்சள் குறி என்ன சொல்லுது?

அதே ஜன்னல்ல ‘ஜெனரல்’ டேப்ல ஒரு கோட் நம்பர் இருக்கும். யாரும் படிக்கிறதே இல்லை. கம்ப்யூட்டர் தன் வாயால சொல்ற ஒரே வாக்குமூலம் அதுதான்.

கோட் 28: டிரைவரே போடலை.

கோட் 22: யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க. ‘எனேபிள்’ பண்ணினா போதும்.

கோட் 39: டிரைவர் ஃபைல் கெட்டுப்போச்சு அல்லது காணோம். அழிச்சுட்டுத் திரும்பப் போடணும்.

கோட் 52: டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியலை. அப்டேட் எதுவும் போடாத விண்டோஸ் 7-ல புது டிரைவரைப் போட்டா இது வரலாம். பிற்காலத்து டிரைவர்கள்ல இருக்கிற புது வகைக் கையெழுத்தை அதுக்குப் படிக்கத் தெரியாது. முதல்ல சர்வீஸ் பேக் 1, அப்புறம் 2019-ல் வந்த கேபி4474419 அப்டேட். இது ரெண்டும் இருக்கான்னு பாருங்க.

கோட் 10: டிரைவர் இருக்கு, ஆனா சாதனம் ஸ்டார்ட் ஆகலை. டிரைவரும் சிப்பும் ஒத்துப்போகாதபோது வர்ற சண்டை இது.

நம்ம தம்பிக்கு வந்தது கோட் 10. அந்த டிரைவர் அப்டேட்டர் பண்ணின வேலை! இந்த மாதிரி ‘ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும்’ சாஃப்ட்வேர்கள் புது மெஷின்லயே குத்துமதிப்பா வேலை பார்க்கும். பழைய மெஷின்ல கேக்கவே வேணாம். கூடவே வேண்டாத டூல்பாரையும் விளம்பரத்தையும் கூட்டிட்டு வரும். தொடாதீங்க.

டவுன்லோடே இல்லாத தீர்வு

கோட் 10 வந்த எச்டி சிப்புக்கு முதல்ல செய்ய வேண்டியது என்ன தெரியுமா? எதையும் டவுன்லோடு பண்ணாதீங்க! விண்டோஸ் 7-க்குள்ளேயே எச்டி ஆடியோவுக்குப் பொதுவான ஒரு டிரைவர் இருக்கு. மைக்ரோசாஃப்ட் போட்டது. ஈக்வலைசர், எஃபெக்ட் மாதிரி அலங்காரம் எதுவும் இருக்காது. சோறும் ரசமும்தான். ஆனா பசி தீரும்.

முதல்ல கன்ட்ரோல் பேனல் போய், அப்டேட்டர் போட்ட ஆடியோ சமாச்சாரங்களை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ரீஸ்டார்ட். பிறகு டிவைஸ் மேனேஜர்ல அந்த ஆசாமி மேல ரைட் கிளிக். ‘அப்டேட் டிரைவர் சாஃப்ட்வேர்’. ரெண்டு வழி காட்டும். ரெண்டாவதா இருக்கிற ‘ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்’ தேர்ந்தெடுங்க. அதுக்குள்ளே கீழே ‘லெட் மீ பிக்’னு ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினா பட்டியல் வரும். அதுல ‘ரியல்டெக்’ பேர் இருந்தா அதை விட்டுடுங்க. வெறும் ‘ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்’னு இருக்கும் பாருங்க, அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். எச்சரிக்கை வந்தா ‘யெஸ்’. திரும்ப ஒரு ரீஸ்டார்ட்.

தம்பிங்க செஞ்சாங்க. மஞ்சள் குறி காலி. ஆனா ஹெட்போன்ல... ம்ஹூம்! சத்தமே இல்லை.

“ஹெட்போனை எங்கே செருகியிருக்கீங்க?”ன்னு கேட்டேன்.

“முன்னாடி, அண்ணே.”

“பின்னாடி பச்சையில செருகுங்க.”

என்விடிஏ பேசிடுச்சு!

இப்போ புரியுதா ட்விஸ்ட்? விண்டோஸ் 7 போட்ட முதல் நாளே பின்னாடி ஓட்டையில சத்தம் வந்திருக்கணும். யாரும் அங்கே செருகிப் பார்க்கலை. முன்பக்க ஓட்டையில இருந்து போர்டுக்குப் போற வயரோட நுனியில பெரும்பாலும் ரெண்டு பிளக் இருக்கும். ஒண்ணுல ‘ஏசி 97’, இன்னொண்ணுல ‘எச்டி ஆடியோ’ன்னு அச்சடிச்சிருக்கும். அசெம்பிள் பண்ணினவர் எச்டி போர்டுல ஏசி 97 பிளக்கை மாட்டிட்டா, முன்னாடி ஹெட்போன் செருகின விஷயமே சிப்புக்குத் தெரியாது. எக்ஸ்பி காலத்துல யாரோ ரியல்டெக் செட்டிங்ல ‘முன்பக்க ஜாக்கைக் கண்டுபிடிக்கிறதை நிறுத்து’ன்னு டிக் பண்ணி ஓட்டியிருப்பாங்க. ஃபார்மட் பண்ணினதும் அந்த டிக் போச்சு, சத்தமும் போச்சு.

கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, பவர் வயரைக் கழட்டி, பெட்டியைத் திறந்து, பிளக்கை மாத்தி மாட்டினா முடிஞ்சது. ஒத்தை பிளக்தான் இருக்குன்னா பயாஸ்ல ‘ஃப்ரன்ட் பேனல் டைப்’னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா ஏசி 97-க்கு மாத்துங்க. அவங்க பெட்டியில ரெண்டு பிளக்கும் இருந்துச்சு. ஆக, செலவு பூஜ்யம். வியாதி ஒரு வயர்ல, வைத்தியம் டிரைவர்ல நடந்திருக்கு!

எக்ஸ்பிதான் வெச்சிருக்கேன், என்ன பண்ண?

எக்ஸ்பிக்கான சப்போர்ட் 2014 ஏப்ரல்லயே முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில. ரெண்டுலயும் பேங்க் வேலை, பாஸ்வேர்டு சமாச்சாரம் எல்லாம் வேண்டாம். நெட் இல்லாம படிக்க, டைப் பண்ண, பாட்டுக் கேக்க ஓகே.

எக்ஸ்பியில எச்டி சிப்புக்கு ரியல்டெக் டிரைவர் போடும்போது ‘ஃபெய்லியர்... எரர் கோட் மைனஸ் 0001’னு ஒரு பெட்டி வரும். ரொம்பப் பேமஸான எரர். இங்கே விஷயம் என்னன்னா, எச்டி ஆடியோ பிறந்தது எக்ஸ்பி வந்து மூணு வருஷம் கழிச்சு. அதனால எக்ஸ்பிக்கு அந்தப் பாதையே தெரியாது. முதல்ல ‘யுஏஏ பஸ் டிரைவர்’னு ஒண்ணைப் போடணும். அதுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்தான் கேபி888111. ரோடு போடாம பஸ் எப்படிங்க ஊருக்குள்ள வரும்?

டிவைஸ் மேனேஜர்ல ‘சிஸ்டம் டிவைசஸ்’ திறந்து பாருங்க. ‘மைக்ரோசாஃப்ட் யுஏஏ பஸ் டிரைவர்’னு வரி இருந்தா ரோடு இருக்கு. இல்லைன்னா வரிசையா வாங்க. முதல்ல சிப்செட் டிரைவர், அப்புறம் பஸ் டிரைவர், கடைசியாதான் ஆடியோ. உங்க போர்டோட ஒரிஜினல் சிடி இருந்தா, பெரும்பாலும் பஸ் டிரைவரும் அதுலயே இருக்கும்.

845, 865 போர்டுல விண்டோஸ் 7 போட்டவங்களுக்குத் தலைகீழ்ப் பிரச்னை. ஏசி 97-க்கான டிரைவர் விண்டோஸ் 7 கூடவே வராது. நாமதான் தேடிப் போடணும். அப்போ 32 பிட்டா, 64 பிட்டான்னும் பார்த்துக்கோங்க. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸ்ல ஏறாது.

சிடியைக் காக்கா உக்கார வைக்காதீங்க!

“சிடி எதுக்கு, நெட்ல கிடைக்காதா?”ன்னு கேக்குறீங்களா? அங்கேதான் சிக்கல். இன்டெல் டெஸ்க்டாப் போர்டு வியாபாரத்தை விட்டு விலகப் போறதா 2013-ல் அறிவிச்சது. 2019 நவம்பர்ல பழைய போர்டுகளோட டிரைவர், பயாஸ் ஃபைல்களைத் தன் வெப்சைட்ல இருந்து எடுக்க ஆரம்பிச்சது. 2020 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட்டும் பழைய வகைக் கையெழுத்துப் போட்ட ஃபைல்களை டவுன்லோடு சென்டர்ல இருந்து தூக்கிடுச்சு. இப்போ பல பழைய டிரைவர்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் மாதிரி சேமிப்புக் கிடங்குகள்லதான் உயிரோட இருக்கு. ஊர் பேர் தெரியாத சைட்ல கிடைக்கிறதோ பாதி நேரம் வைரஸ்.

அதாவது மெஷின் நல்லா இருக்கும், சிப் நல்லா இருக்கும். அதுக்கான ஒரு குட்டி ஃபைல் உலகத்துல கிடைக்காது. ‘போர்டு போச்சு’ங்கிற வார்த்தை இப்படியும் பிறக்குது. மாடி வீட்டுல காக்கா வராம இருக்கத் தொங்கவிட்டிருக்கிற சிடியை இறக்கிப் பாருங்க. அது போர்டு சிடியா இருந்தா இன்னைக்கே ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க!

என்விடிஏ யூஸ் பண்றவங்களுக்கு

என்விடிஏ இலவச சாஃப்ட்வேர். 2006-ல் ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் ஆரம்பிச்சது. அவருக்கும் பார்வை கிடையாது. இதுல தமிழையும் வாசிக்க வைக்கலாம். பழைய மெஷின்ல லேட்டஸ்ட் வெர்ஷனைப் போட முயற்சி பண்ணாதீங்க. எக்ஸ்பிக்குக் கடைசி வெர்ஷன் 2017.3. விண்டோஸ் 7-க்குக் கடைசி 2023.3 வரிசை. அந்த செட்டப் ஃபைலையும் டிரைவர் ஃபோல்டருக்குள்ளேயே வெச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். பார்வை இல்லாத நண்பரோட கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்றப்போ, சவுண்ட் வந்ததுக்கு அப்புறம்தான் மத்த எல்லாம். ஆபீஸ், பிளேயர், வால்பேப்பர் எல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம். சவுண்ட் வந்துட்டா மிச்சத்தை அவரே பார்த்துப்பார். உங்களைவிட வேகமா கீபோர்டுல பறப்பார், வேணும்னா பந்தயம் கட்டிப் பாருங்க!

ஃபார்மட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

கட் பண்ணி பெட்டி மேல ஒட்டிக்கோங்க:

1. டிவைஸ் மேனேஜர் போய் ஆடியோ, நெட்வொர்க், டிஸ்பிளே மூணுக்கும் ஹார்டுவேர் ஐடியை ஒரு பேப்பர்ல எழுதுங்க. முக்கியமா நெட்வொர்க். அதோட டிரைவர் இல்லைன்னா மத்ததைத் தேடவே முடியாது.

2. அந்த மூணு டிரைவரையும் ஃபார்மட்டுக்கு முன்னாடியே பென்டிரைவ்ல எடுத்து வைங்க.

3. ரியல்டெக் மாதிரி செட்டிங் ஜன்னல் இருந்தா திறந்து, எதெல்லாம் டிக் ஆகியிருக்குன்னு போன்ல போட்டோ எடுங்க.

4. நோட்ஸை வேற இடத்துல காப்பி எடுங்க. எடுத்தது திறக்குதான்னும் பாருங்க.

5. புது விண்டோஸ் போட்டதும் எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி, பின்பக்கப் பச்சை ஓட்டையில ஹெட்போனைச் செருகிக் கேளுங்க. சத்தம் வந்தா டிரைவர் பக்கமே போகாதீங்க!

அடுத்த வாரம்: பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சா? ஃபைல் போகலை, ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. பிடிக்கலாம் வாங்க!